காத்தால மட்டும் கோவிச்சுக்கற வண்டி

வா மாப்ளே. பஸ்ஸுலயா வந்தே? வாசல்ல கார் நிக்கையில பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கறவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான். அதுக்கெதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கறே? திண்ணையில உக்காரு. கட்டல்ல உக்காந்துராதே, கையெல்லாம் ஆயிலு. உங்கத்தை நேத்துத்தான் பெட்சீட்டுத் தொவைச்சா.

அப்ப இன்னைக்குங் காத்தாலயும் மகாராசா எந்திரிக்கல. அதானே?

நீ பேங்க்ல உக்காந்துட்டு ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் புதுக் காருக்குக் கடன் எழுதிக் குடுக்கறே. நீ மட்டும் 1996-ல வந்த வண்டியை, வித்தவனே கையெடுத்துக் கும்பிட்டுத் தாட்டி வுட்ட வண்டியை, மாலை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கறே. சாராயக் கடைக்காரன் ஊட்டுக்கு வந்து மோர் குடிக்கறாப்புல இருக்குது. குடி, குடி. மோர் ஒடம்புக்கு நல்லது.

பேரையே எடுத்துக்க. எழுத்துக்கூட்டிப் படிச்சா பியூஜியோட்டுன்னு வருது. நீ என்னடான்னா 'பெஜோ மாமா, பெஜோ'ன்னு திருத்தறே. எழுதறது ஒரு தினுசு, படிக்கறது ஒரு தினுசுன்னு இருக்கற ஊர்ல செஞ்ச வண்டி, சாவி போடறது ஒரு நாளு, கெளம்பறது ஒரு நாளுன்னு இருந்தா கோவிச்சுக்கலாமா?

ஆனா குலங்கோத்திரம் நல்ல குலந்தான், அதை நான் குத்தஞ் சொல்லல. அந்தக் கம்பெனிக்காரங்க ஆதியில ரம்பம் அடிச்சவங்க. 1840-ல காப்பிக்கொட்டை அரைக்கற மிசினு, 1874-ல மொளகு அரைக்கற மிசினு. காரெல்லாம் அதுக்கு அப்பறம். இன்னைக்கும் அவங்க பேர் போட்ட மொளகு மிசினு சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்குதாம். மொளகு வெளையறது இந்தப் பக்கத்து மலையில, அதை அரைக்கற மிசினுக்குப் பேரு அந்தப் பக்கத்துல. நீ அந்த மிசினு ஒண்ணை வாங்கியிருந்தீன்னா காத்தால காத்தால கையில சுத்துனாலே ஓடியிருக்கும்.

உன்ற 309 இருக்குதே, அதோட பொறப்பே ஒரு கதை. 305-ன்னு ஒண்ணு வந்து, 405-ன்னு ஒண்ணு வாரதுக்குள்ள, வரிசை தப்பி நடுவுல நொழைஞ்சது. ஏன்னா அது அந்த ஊட்டுப் புள்ளையாவே பொறக்க வேண்டியதில்ல. டால்பாட்டுன்னு வேற ஒரு பேர்ல வார காராத்தான் அதை வரைஞ்சு வெச்சிருந்தாங்க. கடைசி நேரத்துல பேரை மாத்தி, சிங்கத்தை மூஞ்சியில ஒட்டி, 1985-ல வெளிய வுட்டாங்க. அதுவும் பூட்டுனது பிரான்சுல மட்டுமில்ல. இங்கிலாந்துலயும், கவென்ட்ரிக்குப் பக்கத்துல. 'பிரெஞ்சு வண்டி, பிரெஞ்சு வண்டி'ன்னு நீ டீக்கடையில பீத்திக்கறப்பெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல மாப்ளே.

நம்ம நாட்டுக்கு வந்தது 1994-ல. பிரீமியர் பத்மினி போட்ட கம்பெனிக்காரங்களோட கூட்டுச் சேந்து, பம்பாய்க்குப் பக்கத்துல கல்யாண்ல பூட்டுனாங்க. பேரே கல்யாண். அதனாலதானோ என்னமோ மூணு வருசத்துல மொறைப்பாடு ஆகி, 1997-லயே மாப்ள ஊட்டுக்காரங்க மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் ரொம்ப வருசத்துக்கு இந்தப் பக்கம் எட்டியே பார்க்கல. எடையில அந்த வண்டியை வெச்சிருந்தவங்க பட்ட பாடு, தாயில்லாப் புள்ளை சித்தப்பன் ஊட்டுல வளந்தாப்புலதான்.

அங்கதான் உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்குது, உனக்கே தெரியாம. உன்ற பானட்டுக்குக் கீழ இருக்கறது 1527 சி.சி. டீசலு. டி.யூ.டி.5-னு பேரு. அதே எஞ்சினைத்தான் அந்தச் சமயத்துல மாருதிக்காரன் ஜென் டீசல்லயும் எஸ்டீம் டீசல்லயும் வெச்சான். பெஜோ எஞ்சினைத்தான் ஓட்டறோம்னு தெரியாமலே ஊர்ல பத்துப் பேரு ஓட்டியிருக்கறான். அதனால உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போயி 'பெஜோ 309-க்கு இருக்குதா'ன்னு கேக்காதே. கேட்டா உன்னை ஏற எறங்கப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கே எரநூறு ரூவா சேத்துப் போடுவான். 'ஜென் டீசல்'னு கேளு. பேரை மாத்திக்கறது அந்த வண்டிக்குப் புதுசில்ல.

சரி, நோயிக்கு வாரேன்.

மூணு பட்டறை ஏறி எறங்கியிருக்கறே. மொதல் பட்டறைக்காரன் பேட்டரியை மாத்துனான். காத்தால கெளம்பல. ரெண்டாமத்தவன் ஹீட்டர் பிளக் நாலையும் மாத்துனான். காத்தால கெளம்பல. மூணாமத்தவன் பெரிய டாக்டராட்டம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப்போட்டு, 'பம்பு போச்சு சார், கழட்டிக் கோயமுத்தூர் அனுப்போணும், 40,000 ஆகும்'னான். நீயும் எந்த லோன் எடுக்கலாம்னு ரோசனை பண்ணீட்டு இருக்கறே.

கழட்டு மாப்ளே. தாராளமாக் கழட்டு. என்ற பேச்சைக் கேட்டீன்னா, பம்போட நிறுத்திக்காதே. ஹெட்டையும் எறக்கு. கியர் பாக்ஸையும் எறக்கு. எல்லாத்தையும் பொடக்காலியில சாக்கு விரிச்சு வரிசையா அடுக்கு. பொழுதோட மறுக்கா பூட்டையில ஏழெட்டு நட்டு மிச்சமாகும். அதை ஒரு டப்பாவுல போட்டு மூடீட்டா உன்ற புள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆச்சு. நாப்பதாயிரத்துக்கு ஒரு கிலுகிலுப்பைன்னா நம்ம ஊர்ல ஆருகிட்ட இருக்குது?

சிரிக்காதே, கேளு. உங்க தாத்தன் கெணத்து மேட்டுல அஞ்சு குதிரை ஆயில் எஞ்சினு வெச்சிருந்தார். கரண்டு வாரதுக்கு முந்தி. எனக்கு அப்பப் பதினாலு வயசு. ஹேண்டில் போட்டுச் சுத்தறது என்ற சோலி. அதுல நான் கத்துக்கிட்டது நாலே சங்கதி. டீசல் எஞ்சினுக்குக் காத்து வேணும், டீசல் வேணும், அமுக்கம் வேணும், நேரத்துக்குப் பீச்சோணும். அவ்வளவுதான். பொறி கெடையாது, கார்புரேட்டர் கெடையாது, கம்ப்யூட்டர் கெடையாது. உன்ற எஞ்சினும் அந்தக் காலத்துதான். பம்பு பூரா மெக்கானிக்கல்தான். எஞ்சினு காத்தை 23-ல ஒரு பங்கா நசுக்குது. சைக்கிள் பம்பை நாலு தடவை அடிச்சா அடியில சுடுதில்ல? அதே சூடுதான், ஆனா டீசல் பட்டதும் பத்திக்கற அளவுக்கு. ஹீட்டர் பிளக்கு டீசல் எரியற குளுந்த அறையை முன்கூட்டிச் சூடு பண்ணி வெக்கற அடுப்பு, வேறொண்ணுமில்ல.

அந்த பிளக்கு நாலையும் கண்ணை மூடீட்டு மாத்தினானே ரெண்டாமத்தவன், அதைப் பாக்க ஊட்டுலயே ஒரு வழி இருக்குது. பிளக்குத் தலையில நாலையும் சேத்து ஒரு தகடு ஓடும். அதைக் கழட்டிப் போடு. ஒரு 12 வோல்ட் பல்பு எடு. ஒரு வயரு பேட்டரி பிளஸ்ல, இன்னொரு வயரு பிளக்குத் தலையில. பல்பு எரிஞ்சா பிளக்குக்கு உசுரு இருக்குது. எரியலீன்னா செத்துப்போச்சு. கழட்டுன பழசு நாலையும் நீ பத்தரமா டவல்ல சுத்தி வெச்சிருக்கறேன்னியே, அதையும் அப்புடித்தான் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணுதான் செத்தது. நம்மூரு வெயிலுக்கு மூணு பிளக்கு ஒழுங்கா இருந்தாலே போதும். மார்கழியில கொஞ்சம் இருமும், அவ்வளவுதான்.

எங்கப்பன் எஞ்சினுக்கு வாரத்துக்கொரு தடவை வார நோயி என்ன தெரியுமா? காத்துப் புடிக்கறது. டீசல் போற பாதையில ஒரு பொட்டுக் காத்து நொழைஞ்சாப் போதும், பம்பு எவ்வளவு தள்ளுனாலும் காத்துத்தான் அமுங்கும், நாசில் பீச்சாது. எங்கப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டீட்டு நாசில் பைப்பு நட்டை ஒரு சுத்துத் தளத்துவார். நான் ஹேண்டிலைச் சுத்துவேன். மொதல்ல புஸ்ஸுபுஸ்ஸுன்னு நொரை. அப்பறம் நொரை நின்னு சுத்தமா டீசல் துப்பும். அப்பவே இறுக்கிருவார். காத்தை எடுத்தாச்சு. உன்ற காருலயும் அதே கதைதான், நாலு நாசிலுக்கு நாலு நட்டு. ஒண்ணு சொல்லி வெக்கறேன், இது வெளையாட்டில்ல: எஞ்சின் சுத்தையில நாசில் பீச்சற டீசல்ல வெரலைக் காட்டிராதே. ஊசியாட்டம் தோலைத் தொளைச்சு உள்ள போயிரும். காயம் புள்ளியாத்தான் தெரியும், அப்பறம் ஆசுபத்திரிதான்.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. காத்தால மட்டுந்தான் வம்பு பண்ணுது, ஒருக்கா கெளம்பீட்டா நாள் பூரா சொன்ன பேச்சுக் கேக்குது. ஆமாவா? மத்தியானம் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தா ஒரே தட்டுல கெளம்புது. ஆமாவா? சாவியைத் திருப்புனதும் பம்புப் பக்கம் 'டிக்'னு ஒரு சத்தம் கேக்குது. ஆமாவா? அப்ப டீசலை அடைச்சுத் தொறக்கற அந்த வால்வும் ஒழுங்கா இருக்குது. ராத்திரி எங்க நிறுத்தறே? இட்டேரியில இருந்து ஏறி, மூஞ்சியை மேட்டுப் பக்கம் வெச்சுத்தானே? உங்கம்மா ஊட்டுக்கு வந்தா எறக்கத்துல மூஞ்சியை வெச்சு நிறுத்தறே, அங்க காத்தால ஒழுங்காக் கெளம்புது. ஆமாவா?

சரி. சரி. காப்பி குடி.

அவசரப்படாதே, சொல்றேன். டீசல் டீசல்னு சொல்றமே, அந்த மனுசன் பேரு ருடால்ப் டீசலு. ஜெர்மனிக்காரன்னு எல்லாருஞ் சொல்லுவாங்க. ஆனா பொறந்தது பாரிசுல, 1858-ல. அதனால உன்ற வண்டி பிரெஞ்சுன்னா, எஞ்சினும் ஒரு வகையில அந்த ஊருதான். 1900-ல அதே பாரிசுல பெரிய கண்காட்சி. அங்க அவனோட எஞ்சின் மாதிரி ஒண்ணைக் கடலெண்ணெய் ஊத்தி ஓட்டிக் காட்டுனாங்க. ஆமா, நம்ம கடலெண்ணெய்தான், செக்குல ஆட்டறது. இதைச் சொன்னதும் உன்ற கண்ணு செக்குப் பக்கம் போகுது பாரு! வேண்டாஞ் சாமி. கடலெண்ணெய் விக்கற வெலைக்கு டீசலே மலிவு. உங்கத்தை முறுக்குச் சுட வெச்சிருக்கற எண்ணெயில கை வெச்சீன்னா வண்டி கெளம்புதோ இல்லியோ, நீ கெளம்போணும்.

அந்த மனுசன் கடைசியில என்ன ஆனான்னா, 1913-ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப ராத்திரியில காணாமப் போயிட்டான். கடல்ல பொணம் மெதந்துது. விழுந்தானா, குதிச்சானா, தள்ளுனாங்களான்னு இன்னும் பேசிக்கறாங்க. என்ற கணக்குல, ஆரோ ஒருத்தன் மேல டெக்குக்கு வந்து 'சார், காத்தால கெளம்ப மாட்டீங்குது'ன்னு கேட்டிருப்பான்.

பம்பை வுடு, நெசமாவே பயப்பட வேண்டிய எடம் மூணு இருக்குது, அதை ஒருத்தனும் உங்கிட்டச் சொல்லல. ஒண்ணு, தண்ணி. போன மாசம் ரேடியேட்டர்ல போர் தண்ணியை ஊத்துனியே, நான் பார்த்தேன். நம்ம போர் தண்ணியில இட்லிப் பானை ஆறு மாசத்துல என்ன ஆகுது? அடியில வெள்ளையாக் கல்லு புடிக்குதில்ல? உன்ற எஞ்சின் ஹெட்டு அலுமினியம். அதுக்குள்ள வெரல் நொழையாத சந்துசந்தாத் தண்ணி ஓடுது. அங்க கல்லு புடிச்சுச் சூடேறுனா ஹெட்டு வளைஞ்சுக்கும், கேஸ்கெட்டு போகும். அப்பத்தான் நெசமான நாப்பதாயிரம். கடையில கூலண்ட் கெடைக்குது, பச்சையோ ரோஸோ. ஒழுங்கான தண்ணியில சொன்ன அளவுக்குக் கலந்து ஊத்து. ஊத்தையில ஹோஸுல இருக்கற காத்து ஸ்க்ரூவைத் தொறந்து வுட்டு, குமிழு நிக்கற வரைக்கும் பொறுத்து மூடு. காத்து டீசல்ல மட்டுமில்ல, தண்ணியிலயும் கெடுக்கும். சூடா இருக்கையில மூடியைத் தொறக்காதே. அதை நான் சொல்லித் தரவேண்டியதில்ல, உன்ற நெத்தியில போன வருசத்துத் தழும்பு இருக்குது.

ரெண்டாவது, டைமிங் பெல்ட்டு. எங்க ஆயில் எஞ்சின்ல பல்சக்கரம்; இரும்பும் இரும்பும் கடிச்சுக்கும், நூறு வருசம் போகும். உன்றதுல ரப்பர் பெல்ட்டு. அறுந்துதுன்னா வால்வும் பிஸ்டனும் ஒண்ணையொண்ணு மோதிக்கும், பங்காளிச் சண்டையாட்டம். ரெண்டு பக்கமும் மிஞ்சறதில்ல. ஓடுன கிலோமீட்டரு கொறைச்சல்னு அதை வுட்டுராதே. ரப்பருக்கு வயசுதான் கணக்கு. வித்தவன் எப்ப மாத்துனான்னு கேட்டியா? கேக்கல. நீ ஸ்டீரியோ எத்தனை வாட்டுன்னு கேட்டே. இதை நீ பொடக்காலியில செய்யாதே. சக்கரத்தை நகராம நிறுத்தறதுக்குப் போல்ட்டுக்கும் கம்பிக்கும் அதுலயே ஓட்டை வெச்சிருக்கறாங்க. அதைப் போட்டு லாக் பண்ணாம பெல்ட்டை உருவறவனைக் கண்டா வண்டியை எடுத்துட்டு ஓடியாந்துரு. ஒரு பல்லு தவறுனாலும் பீச்சற நேரம் மாறிப்போகும்.

மூணாவது, பின்னாடி. பின்சக்கரம் ரெண்டையும் பத்தடி தள்ளி நின்னு பாரு. மேல்பக்கம் உள்ள சாஞ்சு, காலை அகட்டி நிக்கற கண்ணுக்குட்டியாட்டம் தெரிஞ்சா, அச்சுக்குள்ள இருக்கற ஊசி பேரிங்கு தேயுதுன்னு அர்த்தம். இந்த மாதிரி வண்டிக்கு முப்பது வருசத்துல வார முட்டிவலி அது. இப்பவே பார்த்தா பேரிங்கோட போகும். 'கொஞ்சம் கிறீச்சுங்குது, ஓடட்டும்'னு வுட்டா தண்டையே தின்னுரும், அப்பறம் லேத்துக்காரன் பேரனுக்குக் காது குத்தற செலவு உன்றது. உன்றதுல இன்னும் சாயல. நான் பார்த்துட்டேன்.

பொகையைப் பத்தி டீக்கடையில ஆளுக்கொரு குறி சொல்லுவான், கேக்காதே. வெள்ளையா வந்து டீசல் வாடை அடிச்சா எரியாத டீசலு. காத்தால நாலு தட்டுக்கு அப்பறம் உனக்கு வாரது அதுதான். கருப்பா வந்தா டீசல் ஜாஸ்தி, இல்லீன்னா ஏர் பில்டர் அடைச்சிருக்குது. நீலமா வந்தா எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. மாத்துன மறுநாளே எஞ்சின் ஆயில் கருப்பாப் போச்சுன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போனியாமே? டீசல் எஞ்சின்ல அப்புடித்தான் ஆகும். அந்தக் கடைக்காரன்கிட்ட போயி ஒரு வார்த்தை சொல்லீரு. அவன் நம்ம ஒறம்பரை.

அப்பறம், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ படுக்கற பழக்கத்தை வுடு. செங்கல்லு அடுக்கீட்டுப் படுக்கறது அதையும் வுட மோசம். செங்கல்லு சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். ஸ்டாண்டு ரெண்டு வாங்கு. உன்ற சம்சாரம் ரெண்டு தடவை எனக்குப் போன் பண்ணீட்டா. 'மாமா, காலு மட்டும் வெளிய தெரியுது, பேச்சுமூச்சே இல்ல'ன்னு. தூங்கீட்டு இருந்தீங்கறது அப்பறம்ல தெரிஞ்சுது. அவ இட்லித் துணியை ஆயில் தொடைக்க எடுத்தது தனி வழக்கு. அதுக்கு நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசு சங்கதி உனக்கே தெரியும். 15 வருசம் தாண்டுன காருக்குப் பதிவைப் புதுப்பிக்கற காசை 2022-ல 600-ல இருந்து 5000 ஆக்குனாங்க. டெல்லிப் பக்கம் பத்து வருசத்து டீசல் காருக்கே தடைன்னாங்க. சர்க்காரு 'போதும் கெழவா, போயிப் படு'ங்குது. அதுகூடப் பரவாயில்ல. எந்தக் கெழவனுக்கும் அப்புடிச் சொல்றதுதான். இதா நானும் ஓடீட்டுத்தான் இருக்கறேன்.

என்ன, கடிகாரத்தைப் பார்க்கறே? பஸ்ஸுக்கு நேரமாச்சா?

சரி, சொல்றேன். போன ஞாயித்துக்கெழமை கறிச்சோறு தின்னுப்போட்டு இந்தத் திண்ணையிலயே கொறட்டை வுட்டியே, அப்பப் பானட்டைத் தொறந்து பார்த்தேன். நாலு நாசில் தலையையும் சேத்து, மேல நூல் சுத்துன சின்ன ரப்பர்க் குழாய் துண்டுதுண்டா ஓடுது பாரு, மிச்ச டீசல் திரும்பிப் போற குழாய். அதுல மூணாவது நாசிலுக்கும் நாலாவது நாசிலுக்கும் நடுவுல இருக்கற துண்டு வெடிச்சிருக்குது. கீழ ஈரம், ஈரத்துல தூசி. பகல்ல எஞ்சின் ஓடையில அது ஒண்ணும் பண்ணாது. ராத்திரி நீ மேட்டுல மூஞ்சியை வெச்சு நிறுத்துனதும், அந்த வெடிப்பு வழியாக் காத்தை உறிஞ்சீட்டு, டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிப் போயிருது. பேட்டரி என்ன பண்ணும், பிளக்கு என்ன பண்ணும்? பம்புக்கு ஒரு நோயுமில்ல.

அன்னைக்கே ஏன் சொல்லலையா? நீ எங்க கேட்டே? எந்திரிச்சதுல இருந்து மூணாவது பட்டறைக்காரன் பெருமையைத்தான் பேசீட்டு இருந்தே. நானும் நாப்பதாயிரத்தைக் கண்ணுல பாக்கலாம்னு உக்காந்திருந்தேன்.

அந்தக் குழாய் எல்லா டீசல் ஸ்பேர் கடையிலயும் இருக்குது. உள் அளவு பாத்து வாங்கு. ஒண்ணை மட்டும் மாத்தாதே, எல்லாத் துண்டும் ஒரே வயசுதான். மாத்தீட்டு நாசில் நட்டைத் தளத்திக் காத்தை எடுத்துரு. ஒரு மீட்டரா வாங்கு. உனக்கு அரை மீட்டர்கூட ஆகாது. மிச்சத்தை இங்க கொண்டாந்து குடுத்துரு, என்ற மருந்தடிக்கற மிசினுக்கு ஆகும்.